பகலில் சிவப்பு வரக் கூடாது

1

இந்தக் கதை பிறக்கும்போது கதையாகப் பிறக்கவில்லை. வீடு விற்பனை விளம்பரமாகப் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் கூச்சம்.

அக்கா வீட்டை விற்கப்போவதாகச் சொன்னாள். "நீதான் எழுதுறவனாச்சே, ரெண்டு வரி எழுதிக் குடேன்" என்றாள். இருபது வருடமாக எழுதுகிறேன். குடும்பத்தில் ஒருவர் என்னிடம் உருப்படியாக ஒரு வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை. ராஜ மரியாதையோடு உட்கார்ந்து எழுதினேன்.

விற்பனைக்கு: சூரியனே வேலைக்காரனாக நின்று சேவை செய்யும்—

(அடித்துவிட்டேன். அத்தான் இருந்திருந்தால் "யாரு யாருக்கு வேலைக்காரன்?" என்று கேட்டிருப்பார். அதில் ஒரு நியாயம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.)

ஒரு கணவனும் மனைவியும் பதினோரு வருடம் நிறைவாக வாழ்ந்த, கூரையில் பன்னிரண்டு சோலார் பேனல்கள் கொண்ட—

(இதையும். நிறைவாக வாழ்ந்தார்கள் என்றால் ஏன் விற்கிறார்கள் என்று கேள்வி வரும்.)

வீட்டுத் தரகர் என் தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். "சார், எழுத்து ரொம்ப நல்லா இருக்கு. இதை நீங்க பத்திரமா வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, தன் செல்போனில் தானே ஒன்பது வார்த்தை அடித்தார். விற்பனைக்கு: மூன்று அறை வீடு. சோலார் உண்டு. நேரில் வந்து பார்க்கவும். இரண்டு நாளில் நாற்பது பேர் விசாரித்தார்கள். என் எந்தப் புத்தகத்துக்கும் அவ்வளவு பேர் விசாரித்ததில்லை.

ஆனால் அடித்துப்போட்ட வரிகள் என்னை விடவில்லை. அவற்றிலிருந்து ஒரு கதை எழுதலாம், வீடு விற்பதைப் பற்றி லேசாக, சிரிக்கச் சிரிக்க, என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். லேசாக என்ற அந்த எண்ணம் ஐந்தாம் பகுதி வரைக்கும்தான் தாங்கியது.

2

பாத்திரங்களைச் சொல்லிவிடுகிறேன். அதிகம் பேர் இல்லை.

அக்கா பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வலியோடு வருபவர்களை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்து, முறை வரும்வரை ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இருபத்தாறு வருடமாகச் செய்கிறாள். யார் பொய் சொல்கிறார்கள் என்பது அவளுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். 'தினமும் ரெண்டு வேளை பல் தேய்ப்பேன்' என்பதைத்தானே நாள் முழுக்கக் கேட்கிறாள்.

அத்தான் தரைக்கல் பதிப்பவர். இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் போட்ட தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். எங்கே போனாலும் சட்டைப்பையில் மட்டம் பார்க்கிற ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். ஒருமுறை என் வீட்டுக்கு வந்தவர், நான் மாட்டிய புத்தக அலமாரி மேல் அதை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

முப்பது வருடம் கல் அறுத்த தூசி நுரையீரலில் இறங்கிவிட்டது. கடைசிப் பதினான்கு மாதம் ஆக்ஸிஜன் மெஷினோடு இருந்தார். சின்னப் பெட்டி அளவு இருக்கும், மின்சாரத்தில் ஓடும், அதிலிருந்து வரும் குழாய் மூக்கில். "முடிஞ்ச வரைக்கும் மாட்டியே இருங்க" என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார்.

இனி பேனல்கள். ஏழு வருடத்துக்கு முன் போட்டது. ஆட்கள் வந்து மாட்டினாலும் சாய்வை அத்தான்தான் சரிபார்த்தார், அவர்கள் மூன்று முறை கழற்றி மாட்டினார்கள். போட்ட அன்றே செல்போனில் ஒரு ஆப்பும் வந்தது. கூரை தருவதை வைத்து வீடு ஓடினால் அதில் பச்சை. போதாமல் வெளிக் கம்பியிலிருந்து மின்சாரம் இழுத்தால் சிவப்பு. ராத்திரி எப்படியும் சிவப்புத்தான், அதை அவர் பொருட்படுத்தவில்லை. பகலில் சிவப்பு வரக் கூடாது. அது வீட்டுச் சட்டம்.

துணி துவைக்கும் மெஷின் பதினோரு மணிக்கு. இஸ்திரி பன்னிரண்டுக்கு. மேகம் வந்தால் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, சட்டை பாதியில் கிடக்க, மேகம் போகிறவரை காத்திருப்பார்கள். ஒரு நாள் சாயங்காலம் நான் செல்போனை சார்ஜில் போட்டேன். அத்தான் மெதுவாகச் சொன்னார்: "மச்சான், காலையிலயே வந்திருக்கலாமே."*

* எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. இதை எழுதும்போது வரவில்லை. கதை சொல்பவன் இப்படி முன்கூட்டியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று தெரியும். இருக்கட்டும்.

3

அக்கா ஏன் வீட்டை விற்றாள்?

முதல் வரைவில் அவள் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு அறையாகப் போய் விடைபெற்றாள். இரண்டு பக்கம் ஓடியது அது. பிறகு நிஜ அக்காவை நினைத்துக்கொண்டேன், அத்தனையையும் கிழித்தேன்.

நிஜ அக்காவுக்குப் போக வேண்டும். மருத்துவமனை இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு கிளை திறக்கிறது. அதற்கு அவள்தான் பொறுப்பாளர். ஐம்பத்து மூன்று வயதில் முதல்முறையாகத் தனி அறை, கதவில் பதவிப் பலகை. அந்தப் பலகையின் படத்தை எனக்கு மூன்று முறை அனுப்பினாள். "பழசையே கட்டிக்கிட்டு அழறதுக்கு எனக்கு நேரம் இல்லடா" என்றாள். அழுவதையெல்லாம் அழுது முடித்துவிட்டாள், இரண்டு வருடம் ஆயிற்று, இப்போது அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். அதற்குள் வீடு கைமாற வேண்டும்.

இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பிரிய முடியாத பெண்ணின் கதை இல்லை இது. போகத் தயாராகிவிட்டவளை ஒரு கோடு பிடித்து நிறுத்திய கதை.

(இந்தக் கடைசி வாக்கியம் சற்றே பாவனையாக இருக்கிறது. விட்டுவைக்கிறேன். எனக்கு வேறு மாதிரி சொல்ல வரவில்லை.)

4

நாற்பது பேரில் ஒன்பது பேர் நேரில் வந்தார்கள். எட்டுப் பேர் சமையலறை, குளியலறை, வண்டி நிறுத்தும் இடம் பார்த்தார்கள். ஒன்பதாவது ஆள் நேராகக் கூரைக்கு ஏறினாள்.

லிஃப்ட் பழுது பார்க்கும் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். தரகர் அவளை "லிஃப்ட் மேடம்" என்றார், நாங்களும் அப்படியே அழைக்க ஆரம்பித்தோம். (இந்தப் பாத்திரத்தின் மீது எனக்கே கொஞ்ச நாள் சந்தேகம் இருந்தது. இவ்வளவு பொருத்தமான தொழிலை எழுத்தாளன்தானே கொடுத்திருப்பான் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. அவள் வந்தபோதே அப்படித்தான் வந்தாள், சட்டையில் கிரீஸ் கறையோடு.)

பேனல்களின் விளிம்பில் விரல் ஓட்டினாள். குனிந்து வயர்களைப் பார்த்தாள். கீழே வந்து இன்வெர்ட்டர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

"அக்கா, யாரு இதை மாட்டினது?"

"ஆளுங்கதான் மாட்டினாங்க. ஆனா பக்கத்துல நின்னு அவங்க உயிரை எடுத்தது எங்க வீட்டுக்காரர்."

"நல்லா எடுத்திருக்காரு. ஒரு மில்லிமீட்டர் பிசகலை. எனக்கு வீடு பிடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு. இதோட பதிவு வேணும், மூணு வருஷத்துக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு புள்ளி விழும் பாருங்க, அந்தப் பதிவு."

தரகருக்கு வியர்த்துவிட்டது. "மேடம், மாசா மாசம் எவ்வளவுன்னு ஒரு பேப்பர் போதாதுங்களா?"

"மாசக் கணக்குல எல்லாம் நல்லாத்தாங்க இருக்கும். ஒரு லிஃப்ட் மாசத்துல எத்தனை தடவை ஏறி இறங்குச்சுன்னு தெரிஞ்சு நான் என்ன பண்றது? எந்த மாடியில, எத்தனை மணிக்கு நின்னுபோச்சுன்னு தெரிஞ்சாத்தானே வியாதி தெரியும்."

"தம்பி எடுத்துக் குடுத்துடுவான்" என்றாள் அக்கா. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே என் தலையில்தான் விழும். அக்காவுக்கு அந்த ஆப்பை அத்தான் போனபிறகு திறந்து பார்க்கவே பிடிக்கவில்லை. கடவுச்சொல்லை ஒரு துண்டுத் தாளில் எழுதி என்னிடம் கொடுத்தாள்.

5

என் வீட்டு மேசையில் அந்தப் பதிவைத் திறந்தேன். ஒரு நாளுக்கு ஒரு படம். படத்தில் இரண்டு கோடு. ஒன்று கூரை தந்தது, காலையில் எழும்பி நடுப்பகலில் உச்சிக்குப் போய்ச் சாயங்காலம் படுத்துக்கொள்ளும். இன்னொன்று வீடு எடுத்துக்கொண்டது.

மூன்று வருடத்தில் முதல் வருடம், அத்தானின் கடைசி வருடம். அந்த ஒரு வருடம் மட்டும் வீட்டுக் கோடு இரவிலும் பகலிலும் ஒரே உயரத்தில் ஓடியது. ஆக்ஸிஜன் மெஷின் என்று உடனே புரிந்தது. மனுஷன் மூச்சு விட்டதற்கு ஒரு கோடு இருக்கிறதே என்று நெகிழ்ந்துகூடப் போனேன். அதைக் கதையில் எங்கே வைக்கலாம் என்று யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் யோசித்தேன்.

பிறகு ஒரு நாள் கண்ணில் பட்டது. மதியம் பன்னிரண்டரைக்குக் கூரைக் கோடு சரிகிறது. மேகம். இரண்டு மூன்று நிமிடத்தில் வீட்டுக் கோடும் சரிகிறது, அதே மெஷின் அளவுக்கு. முக்கால் மணி நேரம் கழித்து வெயில் வருகிறது. வீட்டுக் கோடு மறுபடி எழுகிறது.

மெஷின் பழுதாகியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாளைத் திறந்தேன். தெளிந்த வானம், கோடு நேராக இருந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு முறை மேகம். இரண்டு முறையும்—

மழைக்கால வாரம் ஒன்றைத் திறந்தேன். அதில்—

எழுத வரவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். மேகம் வந்து பகலில் சிவப்பு விழுந்தபோதெல்லாம் அத்தான் தன் ஆக்ஸிஜன் மெஷினை அணைத்திருக்கிறார். ராத்திரிகளில் ஒருமுறைகூட இல்லை. ராத்திரிக்குத்தான் சட்டம் கிடையாதே. பகலில், அக்கா வேலைக்குப் போன பிறகு, இஸ்திரிப் பெட்டியை அணைப்பது போல அணைத்துவிட்டு வெயிலுக்குக் காத்திருந்திருக்கிறார்.

பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் சொல்லலாம். நானும் சொன்னேன், திரையைப் பார்த்து உரக்கவே சொன்னேன். அவருக்கு அது அப்படித் தோன்றியிருக்காது. ஐந்து வருடமாகக் கைக்குப் பழகிய வேலை. மேகம் வந்தால் பெரிய மெஷினை அணை. அந்த வீட்டில் அப்போது ஓடிய பெரிய மெஷின் அது ஒன்றுதான்.

அவர் இறந்தது ஒரு பகல் நேரத்தில். அந்த நாளின் படத்தை மட்டும் நான் திறக்கவில்லை.

6

இந்த இடம் வரைக்கும் ஒரு விஷயத்தை உங்களிடம் மறைத்து வைத்திருந்தேன். மறைப்பது கதை உத்தி என்று சொல்லித் தப்பிக்கலாம். உத்தி இல்லை, பயம்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் ஒரு பக்கக் கட்டுரை எழுதினேன். 'வெயிலோடு ஒப்பந்தம் போட்ட வீடு' என்று தலைப்பு. அத்தானைப் பற்றித்தான். பாதி இஸ்திரி போட்ட சட்டை, பதினோரு மணித் துவையல் எல்லாம் வந்தது. கடைசி வரி இப்படி: 'இந்த மனிதரின் பகலில் இதுவரை சிவப்பு விழுந்ததில்லை.' அது உண்மையில்லை. அவ்வப்போது விழுந்துகொண்டுதான் இருந்தது. வரி அழகாக இருந்ததால் எழுதினேன்.

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுத் தரையில் குனிந்து வேலை செய்தவரைப் பற்றி அச்சில் வந்த ஒரே எழுத்து அதுதான். கூட வேலை செய்தவர்கள் வீட்டுக்கு வந்து பேனலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தான் அந்தப் பக்கத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு இன்வெர்ட்டர் பக்கத்தில் ஒட்டிவைத்தார். அதுவும் ரசமட்டம் வைத்துப் பார்த்து. அதற்கு முன் சட்டம் ஒரு விளையாட்டாக இருந்தது. அதன்பிறகு அவர் சிவப்பு விழுந்தால் முகம் சுளிக்க ஆரம்பித்தார்.

ஒருவரைப் புகழ்ந்து எழுதுவதில் என்ன கெடுதல் வந்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். திட்டி எழுதினால் மறுப்பார்கள், சண்டைக்கு வருவார்கள், முடிந்துவிடும். புகழ்ந்து எழுதினால் அந்த வரிக்குத் தகுந்தபடி இருக்கப் பார்க்கிறார்கள். நான் எழுதியதால்தான் அவர் அணைத்தார் என்று சத்தியம் செய்ய முடியாது. இல்லை என்றும் செய்ய முடியாது.

7

லிஃப்ட் மேடத்துக்கு நான் கடைசி ஒரு வருடப் பதிவை மட்டும் அனுப்பினேன். அக்கா தனியாக இருந்த வருடம். ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு குளிர்சாதனப் பெட்டி. யாருக்கும் எந்தத் தொல்லையும் தராத கோடுகள்.

இங்கேயே கதையை முடிக்க ஒரு வழி இருந்தது. அந்த முடிவையும் எழுதிப் பார்த்தேன். மேடம் பார்க்கிறாள், திருப்தி. அக்கா கையெழுத்துப் போடுகிறாள், புது ஊரில் தன் பலகைக்குக் கீழே உட்காருகிறாள். தம்பி மட்டும் ஒரு ரகசியத்தோடு வயதாகிறான். சுமாரான முடிவு, ஆனால் யாரும் அழவில்லை.

தரகர் போன் செய்து அதைக் கெடுத்தார். "சார், அந்தம்மா மூணு வருஷம் கேட்டாங்க, நீங்க ஒண்ணு குடுத்திருக்கீங்க. எதை மறைக்கிறாங்கன்னு கேக்குறாங்க. இந்த ஆளும் கைவிட்டுப் போச்சுன்னா ஒண்ணாம் தேதிக்குள்ள நான் யாரைப் பிடிப்பேன்?"

முழுவதையும் அனுப்பினேன். வாங்க வருபவள் கூரைக் கோட்டைத்தானே பார்ப்பாள், அடுத்தவர் வீட்டுக் கோட்டை எதற்குப் பார்க்கப் போகிறாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எந்த மாடியில், எத்தனை மணிக்கு என்று கேட்பவள் அவள் என்பது எனக்கு மறந்துவிட்டது. அல்லது மறக்க விரும்பினேன்.

8

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை. லிஃப்ட் மேடம் கையில் அச்சடித்த தாள்களோடு வந்தாள், சந்தோஷமாக இருந்தாள்.

"அக்கா, பேனல் எல்லாம் நல்லா இருக்கு. மேற்கு வரிசை கொஞ்சம் மங்கல், கழுவினா சரியாயிடும். நான் வாங்கிக்கிறேன்." தரகர் நாற்காலியில் சாய்ந்து நிம்மதியாக மூச்சு விட்டார். அக்கா டீ வைத்தாள்.

"ஆனா ஒண்ணு கேக்கணும். இந்த முதல் வருஷத்துல ஏதோ ஒரு மெஷின் ஓடியிருக்கு. மேகம் வந்தா அணையுது, வெயில் வந்தா ஓடுது. தானா நடக்குற மாதிரி ஏதாச்சும் கருவி வச்சிருந்தாரா சார்? எனக்கும் அப்படி ஒண்ணு வேணும். எவ்வளவு ஒழுங்கு பாருங்க!"

நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்க்காமல் இருந்தேன்.

"என்ன மெஷின்?" என்றாள் அக்கா.

"தெரியலை. ராத்திரி பூரா ஓடியிருக்கு. பகல்ல மட்டும்தான் இப்படி. அதுலயும் ஞாயித்துக்கிழமைன்னா அணையவே இல்லை. மேகம் இருந்தாலும் ஓடுது. அதான் எனக்குப் பிடிபடலை."

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கிழமை நான் வீட்ல இருப்பேன்" என்றாள்.

மேடம் தாளைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், சுவரில் அத்தான் படத்தில் மூக்குக்குக் கீழே இருந்த மெல்லிய குழாயைப் பார்த்தாள். கடைசிப் பிறந்தநாளுக்கு எடுத்த படம் அது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா... நான் தெரியாம..."

"நீங்க ஒண்ணும் தப்பா கேக்கலம்மா. டீ ஆறிடும், குடிங்க."

9

அவர்கள் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினாள். இருபத்தாறு வருட அனுபவம்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரமா."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் அத்தான் மேல். எழுந்து போய் இன்வெர்ட்டர் முன்னால் நின்றுகொண்டு, அதுதான் ஆள் என்பதுபோலக் கத்தினாள். "வெயில் இல்லேன்னா மூச்சு வேண்டாமாய்யா உனக்கு? என்ன மனுஷன் நீ? காலையில போகும்போது குழாயைச் சரிபண்ணி விட்டுட்டுத்தானே போவேன். தலையாட்டுவியே! கதவைச் சாத்துற வரைக்கும் தலையாட்டுவியே!" பிறகு அழுதாள். இரண்டு வருடத்துக்கு முன் அழுது முடித்தது போதவில்லை.

நான் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கடைசி வரி பொய் என்று சொன்னேன். அதனால்தான் இருக்கும் என்றும் சொன்னேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உன் எழுத்துக்கு அவ்வளவு சக்தியெல்லாம் கிடையாதுடா. ரொம்பப் பெருமைப்பட்டுக்காதே."*

* என் எழுத்தைப் பற்றி வந்த விமர்சனங்களில் இதைத்தான் அதிக முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆறுதலுக்குச் சொன்னாளா, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாளா என்று இன்றுவரை தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி வந்தது.

"கடைசி நாள் எப்படி இருந்துச்சு?"

"அதை நான் பாக்கலை. சத்தியமா பாக்கலை."

அன்று இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாதான் அவரை முதலில் பார்த்தது. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருந்தார், குழாய் கழுத்தில் கிடந்தது. பேசும்போது, தண்ணீர் குடிக்கும்போது எல்லாம் அவர் அதைக் கழுத்துக்கு இறக்குவார், ஆகவே அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து வழியில் இருந்த வயரையெல்லாம் பிடுங்கிப்போட்டுவிட்டார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததா என்று யாருக்கும் ஞாபகம் இல்லை, அப்போது யாரும் கேட்கவும் இல்லை. நுரையீரல் ரொம்பக் கெட்டுவிட்டது, எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்றார் டாக்டர்.

"அன்னைக்கு வெயிலா மழையான்னுகூட எனக்குத் தெரியாது" என்றாள் அக்கா. "கிளினிக்குல ஜன்னல் கிடையாது. போன் வந்ததும் ஓடி வந்தேன். தெருவுல என்ன இருந்துச்சுன்னே தெரியலை."

ஆப் கணக்கு வீட்டோடு சேர்ந்தது. பத்திரப்பதிவு அன்று மேடத்தின் பெயருக்கு மாறிவிடும். அக்காவிடம் மன்னிப்புக் கேட்க மறுநாள் போன் செய்தவள், தம்பி அனுப்பியதை அழித்துவிட்டேன், ஆப் கைக்கு வந்த அன்றே பழைய பதிவையெல்லாம் அழித்துவிடுகிறேன், நான் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். நானும் என் பிரதியை அழித்துவிட்டேன். ஆகவே பார்க்க வேண்டும் என்றால் பத்திரப்பதிவு நாளுக்குள் பார்க்க வேண்டும். அதன்பிறகு உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அக்கா நான்கு நாள் யோசித்தாள். வீடு விற்பதை நிறுத்திவிடலாமா என்றுகூட ஒரு நாள் கேட்டாள். ஐந்தாவது நாள் மருத்துவமனையிலிருந்தே போன் செய்தாள். பின்னால் யாரோ பல்வலியில் முனகுவது கேட்டது.

"டேய், நீ போய்ப் பாரு. என்னால முடியாது. பாத்துட்டு வந்து என்கிட்ட நல்ல வெயில்னு சொல்லு."

"மேகமா இருந்தா?"

"அப்பவும் நல்ல வெயில்னுதான் சொல்லணும். நீ எதைப் பாத்தாலும் என்கிட்ட சொல்லப்போறது அது ஒண்ணுதான். ஆனா பாக்காம வந்து சொல்லாதே. நானும் அவரும் அவ்வளவு ஒண்ணா வாழ்ந்திருக்கோம். அந்த மனுஷன் கடைசியா என்ன பண்ணாருன்னு நம்ம வீட்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும். எனக்குத் தெரிஞ்சா நான் அந்த ஊருக்குப் போகமாட்டேன். உனக்குத் தெரியட்டும்."

10

அந்தப் படத்தைத் திறக்குமுன் இரண்டு முடிவுகளையும் எழுதி வைத்தேன். தொழில் புத்தி.

முடிவு, வரைவு ஒன்று: கூரைக் கோடு வில் மாதிரி வளைந்து நிற்கிறது. மேகமே இல்லை. வீட்டுக் கோடு இரண்டு மணி வரை நேராக ஓடி, ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்ததும் ஒரேயடியாக விழுகிறது. அவர் மூச்சுக்கு ஒரு குறையும் வைக்காமல்தான் போயிருக்கிறார்.

முடிவு, வரைவு இரண்டு: ஒன்றேகால் மணிக்குக் கூரைக் கோடு சரிகிறது. இரண்டு நிமிடம் கழித்து வீட்டுக் கோடு சரிகிறது. பிறகு வெயில் வருகிறது. வீட்டுக் கோடு எழவில்லை.

பத்திரப்பதிவு அலுவலகத்தில், காலை பதினொன்றரைக்கு, மர பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் அந்த நாளைத் திறந்தேன். தரகர் பக்கத்தில் டோக்கன் நம்பரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவது முறையும் பார்த்தேன். பிறகு மூடிவிட்டு அக்கா நின்ற இடத்துக்குப் போனேன்.

"நல்ல வெயில்" என்றேன்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பேனாவைக் கேட்டு வாங்கி, பதினான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் லிஃப்ட் மேடம் செல்போனில் கடவுச்சொல்லை மாற்றினாள். அக்கா மறுநாள் ஊர் மாறினாள். வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள்.

இப்போது நீங்கள் என்னைக் கேட்பீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, இவ்வளவு தூரம் கூட வந்திருக்கிறீர்கள். எந்த வரைவு?

அக்கா நான் எழுதும் எல்லாவற்றையும் படிப்பாள். சொல்லிக்கொள்ளமாட்டாள், ஆனால் படிப்பாள், பத்திரிகை வந்த அன்றே. இங்கே நான் மேகம் என்று எழுதினால் அவளுக்குக் கொடுத்த வாக்கை உடைத்தவன் ஆவேன். வெயில் என்று எழுதினால் வாக்கைக் காப்பாற்றுகிறான் என்றுதான் நினைப்பாள். நிஜமாகவே அன்று வெயில் அடித்திருந்தால் அதை அவளிடம் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. அதையும் சேர்த்துத்தான் அவள் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆகவே அந்த இரண்டு வரைவில் ஒன்றை நீங்களே அடித்துவிடுங்கள். பென்சிலால் அடியுங்கள். அக்கா கையில் கிடைக்கும் பிரதியில் மட்டும் எதையும் அடிக்காதீர்கள்.